லேபிள் உரித்த மூன்று போத்தில்கள்

வைன் வாயில் பட்டால் நிரூபாவுக்கு முதலில் இடம்தான் தெரியும். ருசி பிறகு வரும். கண்ணை மூடினால் எந்தச் சரிவில் நிற்கிறோம், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதெல்லாம் கனவு மாதிரி விரியும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அஜின்கோர்ட் புறநகரில், மிளகாய்த்தூள் வறுத்த மணம் திரைச்சீலை வரை ஏறிய வீட்டுக்காரி சொன்னால் சிரிக்கமாட்டார்களா?

நகர நடுவே, டவுன்ரவுனில், செலீனின் உணவகத்தில் அவள் பரிமாறுகிறவள். வைன் பொறுப்புக்கு ஆள் தேடிய செலீன், “மூன்று வெள்ளை வைன் கொண்டுவந்து என்னை மயக்கு, பொறுப்பு உனக்கு” என்றாள். நிரூபா நயாகராவுக்குப் போய், வைன் செய்யும் வேரோனிக்காவின் ஏரிக்கரை, நடுச்சரிவு, உச்சித் தோட்டங்கள் மூன்றிலும் நடந்தாள். ஒரே றீஸ்லிங் திராட்சை, ஒரே வருஷம், செய்த கையும் ஒன்று. நிலம் மட்டும்தான் வேறு. தோட்டத்துக்கு ஒன்றாக மூன்று போத்தில் வாங்கிவந்து வீட்டு நிலவறைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து அவள் கணவன் கீதனின் அக்கா வந்து இறங்கினார். மனைவி உணவகத்தில் கணக்குப் பார்க்கிறாள் என்று அவருக்குச் சொல்லிவைத்திருந்த புண்ணியவான் கீதன், மூன்று போத்திலையும் சுடுதண்ணீரில் ஊறவைத்து லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டான்.

“அக்கா கண்டால் என்ன நினைப்பா? சமையல் வினாகிரி எண்டு நினைக்கட்டும்.”

“இனி எது எந்தத் தோட்டம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும், கீதன்?”

“எல்லாம் ஒரே வெள்ளைதானே?”

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. வேறு போத்தில் வாங்க நேரமில்லை. மறுநாள் அவற்றை அப்படியே கொண்டுபோனாள். செலீன் பக்கத்தில் வேரோனிக்காவும் உட்கார்ந்திருந்தாள். சொந்தத் தோட்டத்து வைனை மாற்றிச் சொன்னால் அந்த மனுஷிக்குத் தெரியாதா? இருந்தும் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு முதல் போத்திலைத் திறந்தாள்.

ஒரு வாய்தான். பீச் பழ மணம். அவசரமில்லாத இனிப்பு. நிரூபா ஏரிக்கரையில் நின்றாள். கோடை முழுக்கச் சேர்த்த சூட்டை ஏரி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. மணல் நிலத்தில் குலைகள் கவலையில்லாமல் தொங்கின. “ஏரிக்கரைத் தோட்டம்” என்றாள்.

இரண்டாவது, தேசிக்காய் பிழிந்ததுபோல் புளித்தது. அடியில், மழை விட்டதும் பஸ் தரிப்பிடத்துச் சிமெந்தில் எழும் மணம். சுண்ணாம்புக்கல் கிடந்த நடுச்சரிவு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் காற்று? நடுச்சரிவில் ஏரிக்காற்று ஏறிவந்து மெல்லச் சுழன்று திரும்பும். இங்கே அது நேரே வந்து காதில் அறைந்தது. வெயில் இருந்தும் நிலம் சூடேறவில்லை. அந்தக் கதகதப்பான உணவகத்தில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

“இது உச்சித் தோட்டம். மரமில்லாத மேடு. மற்றது நடுச்சரிவு.” மூன்றாவதைக் குடித்தபோது புளிப்பும் கனிவும் சண்டையில்லாமல் கூடியிருந்தன.

வேரோனிக்கா இரண்டாவதைத் தன் கிளாசில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். “அந்தக் காற்றோடுதான் நான் வருஷம் முழுக்க மல்லுக்கட்டுகிறேன்” என்றாள். செலீன் உணவகத்து வைன் நிலவறையின் திறப்புக்கொத்தை நிரூபா பக்கம் தள்ளிவைத்தாள்.

உச்சித் தோட்டத்துப் போத்திலில் மிச்சமிருந்தது. நிரூபா தாள் ஒன்றில் தோட்டத்தின் பெயரை எழுதி, அதன் கீழ் ‘தெரிவு: நிரூபா’ என்று சேர்த்து, போத்திலில் ஒட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். குசினியில் மச்சாள், கீதனின் அக்கா, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஒளிக்கச் சொல்லிக் கீதன் கண்ணைக் காட்டினான். அவள் காணாததுபோல் போத்திலை மேசையில் வைத்தாள்.

“உதென்ன பிள்ளை?”

“வைன், மச்சாள். இதைத் தெரிவு செய்யிறதுதான் என்ரை வேலை.”

மச்சாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஒட்டியிருந்த தாளை ஆறுதலாக, எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

“அப்ப கணக்கு ஆர் பாக்கிறது?”

கீதன் கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினான். நிரூபா குளிர்ப்பெட்டியைத் திறந்து, பால் பெட்டிக்குப் பக்கத்தில், எழுத்து வெளியே தெரியும்படி போத்திலை வைத்தாள்.