ஆயில் சீல் வராத மாதங்கள்

கப்பல் வராது என்று மின்னஞ்சல் வந்த காலையில், எங்கள் ஷெட்டில் ஆறு வண்டிகள் கியர்பாக்ஸ் திறந்து கிடக்க நின்றன.

ஆவடிக்குப் பக்கத்தில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்துத் தரும் சின்ன நிறுவனம் எங்களுடையது. நான் பர்ச்சேஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கியர்பாக்ஸில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலும், இன்ஜின் பாகங்களும் வண்டியைச் செய்த நாட்டிலிருந்தே வரும். அந்த நாடு போரில் இறங்கிவிட்டது. சீல் அவர்கள் படைக்கே போதவில்லை.

மேனேஜர் ராமநாதன் இன்னொரு நாட்டுக் கம்பெனியைப் பிடித்தார். உடனே அனுப்பத் தயார் என்றார்கள். ஆனால் பத்து வருடத்துக்கு வேறு யாரிடமும் வாங்கக் கூடாதாம்.

"கையெழுத்துப் போட்டுடலாம்மா. வண்டி நிக்குது."

"ஒருத்தரையே நம்புனதாலதான் சார் நிக்குது. மறுபடியும் அதையேவா? ஒரு மாசம் குடுங்க, இங்கயே செய்ய ஆள் பாக்கறேன்."

"முடியலன்னா?"

"நானே அந்தப் பேப்பரைக் கொண்டாந்து உங்க டேபிள்ல வெக்கறேன்."

அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் பம்புக்கு சீல் செய்யும் கஜேந்திரனிடம் போனேன். பழைய சீலை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இது இன்னா ரப்பருன்னே தெர்ல மேடம். பண்ணிப் பாக்கறேன். கேரண்டி கெடையாது."

முதல் சீல் சூடான ஆயிலில் ஊறி உப்பிப்போனது. இரண்டாவது, டெஸ்ட் பெஞ்சில் ஓட்டியதும் விளிம்பு கிழிந்தது.

"உட்டுடலாம் மேடம். பக்கத்துப் பட்டறைல சிரிக்கறானுங்கோ."

"சிரிக்கட்டும். அடுத்தது எப்போ?"

பழைய சீலை லேபுக்குக் கொடுத்து, என்ன ரப்பர் என்று ரிப்போர்ட் வாங்கி வந்தேன். கஜேந்திரன் கலவையை மாற்றினார். நான்காவது வாரம், மூன்றாவது சீல் மூன்று நாள் விடாமல் ஓடியது. ராணுவத்தின் இன்ஸ்பெக்ஷன் அதிகாரி சீலைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். "சொட்டு ஆயில் இல்ல. பாஸ்." கஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செய்தி தெரிந்ததும், ராமநாதன் பிடித்த வெளிநாட்டுக் கம்பெனி, ஆர்டரே கைவிட்டுப் போய்விடுமோ என்று பத்து வருட நிபந்தனையைக் கைவிட்டது. பாதி அவர்களிடம், பாதி கஜேந்திரனிடம் என்று பிரித்துக் கொடுத்தேன். வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போயின.

சில மாதம் கழித்து, வண்டியைச் செய்த நாட்டிலிருந்து கடிதம் வந்தது: இனி அனுப்ப முடியும்.

"நம்மள நடுத்தெருவுல விட்டவங்க. பதிலே போடாதீங்க," என்றார் மேனேஜர்.

"அவங்க வேணும்னு விடல சார். இன்ஜின் பார்ட்ஸ் இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு," என்று சொல்லி, சின்னதாக ஒரு ஆர்டர் போட்டேன்.

பர்ச்சேஸில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்கிறேன். எந்த நாடு எப்போது யாரோடு சேரும், யாரோடு மோதும் என்பது நம் கையில் இல்லை. யாரோடும் முறித்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு நெருங்கிய நட்பு நாடாக இருந்தாலும், அதே பொருளைத் தர இரண்டாவது ஆள் கிடைக்கும்வரை நாற்காலியில் சாய்ந்து உட்காராதீர்கள்.