சின்ன மூடி

எங்கள் சாமல்பட்டிப் பக்கம் தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீர்தான். இடுப்பில் சுரைக்காய்க் குடுக்கையைக் கட்டி எங்கள் மாமா கிணற்றில் தள்ளிவிட்டார், கையைக் காலை அடித்து மேலே வந்தேன். எனக்குத் தெரிந்த நீச்சல் அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் ஓசூருக்கு வேலைக்கு வந்து, ஏரியில் கட்டுமரம் விட்டுப் பந்தயம் போட்டேன் என்றால் ஊரில் இன்றைக்கும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதற்குக் காரணம் எங்கள் கம்பெனி ஃபிட்டர் ஒருவர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். நான் பெயிண்ட் ஷாப், அவர் அசெம்பிளி. ஒரு வருஷம் மழை நன்றாகப் பெய்து, சூளகிரி போகிற வழியில் ஓர் ஏரி தளும்பிக் கிடந்தது. பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்துவிட்டு மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் யார்டில் காலி நீல டிரம்கள் மலை மாதிரி கிடக்கும். அதில் ஆறு கேட்டு வாங்கி, கழுவி, இந்தப் பக்கம் மூன்று அந்தப் பக்கம் மூன்று என்று வரிசையாக வைத்து, குறுக்கே சவுக்குக் கம்பு கட்டி, மேலே பேலட் பலகை அடித்து, லாரி தார்ப்பாயைப் பாயாக ஏற்றிவிட்டார். ரெட்டைக் கட்டுமரம் என்றார். நாங்கள் கரையில் நின்று சிரித்தோம். அடுத்த வருஷம் நாங்களும் ஒன்று கட்டினோம். எங்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

ஆயுத பூஜை முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை பந்தயம். இந்தக் கரையிலிருந்து மதகு வரை போய்த் திரும்ப வேண்டும். பரிசு என்ன தெரியுமா? ரிஜெக்ட் ஆன ஒரு கியர் சக்கரம். வருஷா வருஷம் பெயிண்ட் ஷாப்பில் நாங்கள்தான் அதற்குத் தங்கக் கலர் அடிப்போம். வருஷா வருஷம் அசெம்பிளிக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போவார்கள்.

"அண்ணாச்சி, இந்தத் தடவ ரெண்டு கோட்டா அடிங்க. போன வருசத்துக் கலரு உரியுது, கேட்டியளா?" என்று ஃபிட்டர் கேன்டீனில் எல்லார் முன்னாலும் கேட்பார்.

"அடிக்கறம்பா, அடிக்கறம். இந்த வருசம் அது எங்க ஊட்டுக்குத்தான் வரப் போவுது" என்பேன். என்னை விட நாலு வயது சின்னவர். எதிரி என்று பேர்தானே தவிர, நான் பக்கத்தில் உட்காராமல் அவர் சாப்பிட மாட்டார்.

எங்கள் கட்டுமரத்தில் மூன்று பேர். நான், என் மச்சினன், பிறகு கிரேன் ஓட்டுகிற ஒரு கன்னடக்காரர். மச்சினனுக்கு வாய் அதிகம். கன்னடக்காரருக்கு உடம்பு அதிகம். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம் தாழும் என்பதால் அவரை நட்டநடுவில் உட்கார வைப்போம்.

நான் சொல்ல வந்த வருஷம், கயிறு காயட்டும் என்று முதல் நாளே கட்டுமரத்தைக் கரையில் நிமிர்த்திச் சாய்த்துவிட்டுப் போயிருந்தோம். டிரம்களின் மூடிப் பக்கம் மேலே இருந்தது. காலையில் நல்ல வெயில். அந்த வருஷம் எங்கள் பாய் புதுசு. காற்றும் எங்கள் பக்கம். மதகைச் சுற்றித் திரும்பும்போது அசெம்பிளிக்காரர்களை விட நாங்கள் பத்தடி முன்னால் இருந்தோம். என் ஆயுசில் முதல் தடவையாக ஃபிட்டர் முதுகைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் கட்டுமரம் இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது.

"மாமா, நேரா தள்ளு மாமா!"

"நேராத்தான்டா தள்ளிக்கினு இருக்கறன்!"

நேராகத் தள்ளத் தள்ள வட்டம் போட்டது. செக்கு மாடு மாதிரி ஒரு சுற்று, இரண்டு சுற்று. கன்னடக்காரர் கீழே குனிந்து, டிரம்முக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, நீரு பர்த்தாயிதே!" என்று அலறி வலது பக்கம் தாவினார். அவர் தாவியதில் பலகை எகிறி, மச்சினன் தார்ப்பாயோடு ஏரிக்குள் போனான். தண்ணீர் மார்பளவுதான். ஆனாலும் அவன் கத்திய கத்தலில் கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஓடின. ஃபிட்டர் தன் கட்டுமரத்தை நிறுத்தி, துடுப்பை நீட்டி அவனைப் பிடித்துக் கரை வரை இழுத்துக்கொண்டு போனார். அப்படியும் ஜெயித்தார்.

கரைக்கு வந்து பார்த்தால் இடது பக்கத்து இரண்டு டிரம்களில், பெரிய மூடிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகு மூடி ஒன்றரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. கையால் திருகாமல் அந்த மூடி தளராது.

மச்சினன் தலை துவட்டக்கூட இல்லை. "காலையில நம்ம மரத்துகிட்ட இவரு குந்திக்கினு இருந்தத நானே பாத்தன். இவரு கை வேலதான்" என்றான்.

"நாந்தான் இருந்தேன். ஒங்க முன் முடிச்சு தளந்து கெடந்துச்சு, இறுக்கிக் கட்டினேன்" என்றார் ஃபிட்டர்.

"கயித்த இறுக்கிட்டு மூடியத் தளத்திட்டியா?"

யாரோ சிரித்தார்கள். ஃபிட்டர் என்னைத்தான் பார்த்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தார். நான் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு நின்றேன். அவர் கியர் சக்கரத்தை என் காலடியில் வைத்தார்.

"நீங்களே வச்சுக்கோங்க அண்ணாச்சி. இனிமே நான் மரம் விட வரல" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கள்கிழமை கேன்டீனில் அவர் வேறு டேபிளில் உட்கார்ந்தார். அசெம்பிளி ஆட்களே அவரைப் பார்த்துக் குசுகுசு என்று பேசினார்கள். ஊர் விட்டு ஊர் வந்து, இத்தனை வருஷம் ஒரு சொல் கேட்காமல் இருந்தவர்.

அன்று மத்தியானம் யார்டுக்கு டிரம் லோடு வந்தது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் டிரம்மைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பெயிண்ட் ஷாப்புக்கு வருகிற டிரம்மை இறக்குவது இருபத்தாறு வருஷமாக என் வேலை. வெயிலில் நிற்கிற டிரம் உப்பும். நிமிர்ந்து நிற்கிற டிரம்மைப் பார்த்தால் சின்ன மூடியைக் கொஞ்சம் திருகிக் காற்றை விட வேண்டும். அன்றைக்கும் நடந்துகொண்டே திருகினேன். புஸ் என்றது. அடுத்தது, புஸ். மூன்றாவதில் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒன்றரைச் சுற்று.

பந்தயத்தன்று காலையில் ஏரிக்கரைக்கு நான்தான் முதலில் போனவன். கட்டுமரம் வெயிலில் நிமிர்ந்து நின்றது. இரண்டு மூடியைத் திருகியிருப்பேன், அதற்குள் கன்னடக்காரர் டீ வாங்கிக்கொண்டு வந்து கூப்பிட்டார். டீ நினைவிருக்கிறது, அதில் இஞ்சி போட்டிருந்ததும் நினைவிருக்கிறது. மூடி மட்டும் நினைவில் இல்லை. கை செய்ததை மனசுக்குச் சொல்லவே இல்லை.

மச்சினனிடம்தான் முதலில் சொன்னேன். "வாய மூடிக்கினு இரு மாமா. நம்ம மரத்த நாமளே முழுக்கினம்னு தெரிஞ்சா ஓசூரே சிரிக்கும்" என்றான். அவன் சொன்னதும் சரிதான். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன்.

வியாழக்கிழமை கியர் சக்கரத்தைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கேன்டீன் நிறைந்திருந்த நேரம் பார்த்து அவர் டேபிளில் அதை வைத்தேன். டணார் என்று சத்தம். எல்லாரும் திரும்பினார்கள்.

"மூடியத் தளத்தனது நான்தான். வெயில்ல டிரம்மு நிக்கறதப் பாத்து கை தானா போயிடுச்சு. இந்த மனுசன் கயித்தத்தான் கட்டினாரு" என்றேன்.

முதலில் கன்னடக்காரர்தான் சிரித்தார். பிறகு கேன்டீனே சிரித்தது. மச்சினன் தட்டோடு எழுந்து போய்விட்டான். ஃபிட்டர் சிரிக்கவில்லை. சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கே, 'அவன் அப்படிச் செய்ய மாட்டான்'னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி."

"சொல்லியிருக்கணும்."

அவர் தன் தட்டை ஓரமாக இழுத்துக்கொண்டார். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்ததும் சக்கரத்தை என் பக்கம் தள்ளினார். "கலரு உரியுது பாருங்க. அடுத்த வருசத்துக்கு அடிச்சு வையுங்க."

அடுத்த வருஷத்திலிருந்து ஒரு புது வழக்கம் வந்தது. பந்தயத்துக்கு முன்னால் எங்கள் மூடிகளை அவர்கள் இறுக்க வேண்டும், அவர்கள் மூடிகளை நாங்கள் இறுக்க வேண்டும். என்னை மட்டும் யாரும் என் கட்டுமரத்தின் பக்கத்தில் விட மாட்டார்கள். நாங்கள் கடைசி வரை ஜெயிக்கவில்லை.

இப்போது எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. பலகையில் உட்கார முடியாது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை கரைக்குப் போய்விடுவேன். ஃபிட்டர் ரிட்டையர் ஆகி அவர் ஊருக்கே போய்விட்டார். சரியாக ஒன்பது மணிக்கு அங்கிருந்து போன் வரும். நலமா என்றுகூடக் கேட்க மாட்டார்.

"அண்ணாச்சி, கைய எங்க வச்சிருக்கிய?"

"பையிலதாம்பா" என்பேன்.