முன்னறையில் ஒன்பது தொட்டிகள்

குளியல் தொட்டி விற்பது மீன் விற்பதைவிடக் கஷ்டம். மீன் வாங்குகிறவளுக்கு அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது என்றாவது தெரியும்.

வியாபாரியைக் கட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாறசாலையில் இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, குழாயும் பீங்கானும் விற்கிற கடை. துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் பணம் வந்து, ஓலைக்கூரை இருந்த இடமெல்லாம் கான்கிரீட் முளைத்துக்கொண்டிருந்த காலம். எர்ணாகுளத்து ஏஜென்ட் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து, "இனி வீட்டுக்கு ஒரு சுடுவெள்ள டப்பு" என்று வெந்நீர்க் குளியல் தொட்டியைப் பற்றி இவர் காதில் ஓதினார். அடுத்த வாரம் ஒன்பது ஃபைபர் தொட்டிகள் லாரியில் வந்து இறங்கின. கடையில் இடமில்லை. வெளியே போட்டால் வெயிலில் நிறம் போகுமாம். ஆகவே மரச்சட்டம் அடித்த ஒன்பதும் என் வீட்டு முன்னறைக்குள் ஏறின.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, குழித்துறையிலிருந்து என் மகள் ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். இரண்டு வருஷம் தேடிக் கிடைத்த இடம். பையன் பேங்கில் வேலை, குடிப்பதில்லை. வருகிறவர்களை நான் தொட்டிக்குள்ளா உட்கார வைப்பேன்? முன்னறை காலியாக வேண்டும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே கடையில் போய் உட்கார்ந்தேன். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்கு இங்கிலீஷ், எம்பிராய்டரி, பொய் சொல்லாமை என்று மூன்று கற்றுத்தந்திருந்தார்கள். வியாபாரத்துக்கு மூன்றும் இடைஞ்சல்.

பலப் பரீட்சை

ஏஜென்ட் தொட்டியின் உறுதியைக் காட்டும் விதமே தனி. ஷூவோடு அதன் மேல் ஏறி, கைகளை விரித்து, சிலுவையில் நிற்பதுபோல் நிற்பார். பார்க்கிறவர்கள் ஆவென்று பார்ப்பார்கள். இரண்டாவது தடவைதான் நான் கவனித்தேன், ஆள் நிற்பது இரண்டு ஓரத்து விளிம்பில். "கொஞ்சம் நடுவில் இறங்கிக் குதியுங்கள்" என்றேன். கூட்டம் பார்க்கிறதே, மறுக்க முடியுமா? குதித்தார். முறுக்கை உடைத்ததுபோல் ஒரு சத்தம். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

அவரை வெளியே இழுத்தபோது தொட்டி கவிழ்ந்தது. அடியில் எறும்பு எழுத்தில் இங்கிலீஷில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நான் உரக்கவே வாசித்தேன்: சூடான தண்ணீர் ஊற்றக் கூடாது. சுடுவெள்ள டப்பு! டையைச் சரிசெய்துகொண்டு அவர் சொன்னார்: "மேடம், இதுல யாரும் சாடுறதும் இல்ல, அடியில கெடந்து வாசிக்கதும் இல்ல."

உடைந்தது மாட்டுத்தொழுவத்துக்குப் போனது. மாட்டுக்கு இங்கிலீஷ் தெரியாது.

பத்து சென்ட்

குளத்தூர் தங்கப்பனின் குடிசை ஒரு ஜன்மியின், அதாவது பெரிய நிலக்காரரின், தோப்பில் இருந்தது. நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தபோது, குடியிருந்தவர் என்ற உரிமையில் பத்து சென்ட் அவர் பெயருக்கே கிடைத்தது. மகன் துபாய்க்குப் போனதும் அங்கே இரண்டு அறை வீடு எழும்பியது. இரண்டு அறையில் தொட்டியை எங்கே வைப்பார் என்று எனக்குக் கவலை. இவருக்குக் கவலையே இல்லை. "ஜன்மிக்க பங்களாவிலயே இது கெடையாது, கேட்டியளா" என்று தங்கப்பனிடம் ஒரு வரிதான் சொன்னார். தொட்டியை ஏற்ற வண்டி உடனே வந்தது.

என் மனசு கேட்கவில்லை. "அண்ணாச்சி, நாப்பது குடம் வெள்ளம் கோரி ஊத்தணும். நீங்க குளத்துல முங்கிப் பழகின ஆளு, இது சரிப்படாது" என்றேன். அவர் சிரித்தார். "குளிக்கது குளத்துலதான் அம்மா. இது பங்களாவைப் பாத்த சன்னலுக்குக் கீழ கெடக்கணும். அவரு காலையில காப்பி குடிக்கும்ப பாக்கணும், அம்புடுதான்."

திரும்பிய வீடு

புது வீடு கட்டிக்கொண்டிருந்த லில்லி எங்களிடம் ஒரு தொட்டி எடுத்தாள்; அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறார். அதற்குள் தொட்டி வைத்தாக வேண்டும். குளியலறைக் கதவோ நம்மைப் போல் சதை போட்டவர்கள் ஒருக்களித்து நுழைகிற கதவு. மேஸ்திரி ஒரு யுக்தி செய்தார். கூரை வார்ப்பதற்கு முன்பே எட்டுப் பேர் சுவருக்கு மேலே தூக்கி உள்ளே இறக்கினார்கள். பிறகு கூரை வார்த்தார்கள், ஓடு பதித்தார்கள், லில்லி பாயசம் வைத்தாள். தண்ணீர் விட்டுப் பார்த்தால் போகவில்லை. தொட்டியின் ஓட்டை கிழக்கே, தண்ணீர் போகும் குழாய் மேற்கே. அந்த அறைக்குள் தொட்டியைத் திருப்பவும் முடியாது, வெளியே எடுக்கவும் முடியாது.

லில்லி அழுதுகொண்டே என்னைக் கூட்டிப்போனாள். நான் மேஸ்திரியைப் பிடித்து உலுக்கினேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, தீர்ப்புச் சொன்னார்: "தொட்டி சரியாத்தான் இருக்கு அக்கா. வீடாக்கும் திரும்பி இருக்கது."

ஒரு அடி பாக்கி

முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சிறிய சபை ஒன்றின் பாஸ்டர் வந்தார். மழையில் ஆறு கலங்கி ஓடுகிறது, சபைக்குள்ளேயே ஒரு தொட்டி இருந்தால் நல்லது என்றார். எனக்குச் சந்தோஷம். சூடான தண்ணீரும் வேண்டாம், குதிப்பதும் இல்லை. முதல்தடவையாக மனசு உறுத்தாமல் விற்றேன்.

திங்கட்கிழமை அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். முதல் ஆளாகத் தொட்டியில் இறங்கியவர் நெடுநெடுவென்று வளர்ந்த ரப்பர்வெட்டுக்காரர். தலையை அமுக்கினால் முழங்கால் மேலே வருகிறது, முழங்காலை அமுக்கினால் தலை மேலே வருகிறது. பாட்டுக் குழு ஒரே பாட்டை நான்கு தடவை பாடிவிட்டதாம். பாஸ்டர் கோபப்படவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்: "சிஸ்டர், எனக்க விசுவாசி ஆறடி. உங்களுக்க தொட்டி அஞ்சடி. ஒரு அடி இன்னும் பாவத்திலயாக்கும் கெடக்கு."

பூவார் பரிசோதனை

தொட்டியைத் தட்டிப் பார்த்து, விளிம்பை அமுக்கிப் பார்த்து, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து வாங்கியது ஒரே ஒருவர்தான். பூவாரில் மீன் ஏலம் எடுக்கிறவர். ஐஸ் போட்டு மீன் வைக்க இரண்டு எடுத்தார். இவர் வழக்கம்போல "கடைசி ரெண்டு பீஸ்" என்றார். எங்கள் முன்னறையில் இன்னும் மூன்று இருந்தன.

நான்காம் நாள் இரண்டும் திரும்பி வந்தன. வண்டி வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. ஐஸின் கனத்தில் அடி தொங்கி, ஒட்டு விட்டு, ஒழுகுகிறது. அவர் சண்டை போடவில்லை. "அக்கா, செத்த மீனே இதுல கெடக்க மாட்டேங்கு. உயிரோட மனுசன் எப்பிடிக் கெடப்பான்?"

சோபா

சனிக்கிழமை வந்தது. தொட்டிகள் இன்னும் ஐந்து. முற்றத்தில் போடலாம் என்றால் விடியற்காலையிலிருந்து மழை, சட்டத்து மரம் ஊறிக் கெடுமாம். மூன்றை விறகுப்புரையில் திணித்தோம். இரண்டுக்கு இடமில்லை. அப்போது இவருக்கு ஒரு யோசனை. சட்டத்தைக் கழற்றி, இரண்டையும் கவிழ்த்து, நீளவாக்கில் சேர்த்துப் போட்டு, மேலே என் எம்பிராய்டரி விரிப்பு. பார்த்தால் சோபாதான். மீன் வாசனைக்கு ஊதுபத்தி. "நீ ஒண்ணும் பேசண்டாம்" என்று என்னிடம் கைகூப்பினார்.

பையனின் அம்மா கனத்த உடம்பு, தங்கக் கண்ணாடி, சிரிக்காத முகம். "கல்ஃப் சோபாவாக்கும், இருங்க" என்று இவர் உபசரித்தார். அந்த அம்மா உட்கார்ந்தார்கள். 'டொப்' என்று அடி உள்ளே குழிந்தது. குழிந்த இடத்தில் அவர்களும் குழிந்தார்கள். எழுந்திருக்க முயன்றால் இன்னொரு 'டொப்'. காப்பித் தட்டோடு வந்த ஸ்டெல்லா வாசலிலேயே நின்று உதட்டைக் கடித்தாள். பையன் மேற்கூரையைப் பார்த்தான். இவரோ, "ஸ்பிரிங்காக்கும், புது மாடல்" என்று ஆரம்பித்தார்.

இரண்டு வருஷத் தேடல் என் கண்முன்னே தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இனி காப்பாற்ற என்ன இருக்கிறது? "ஸ்பிரிங்கும் இல்ல, சோபாவும் இல்ல" என்றேன். "குளிக்க தொட்டி. கனம் தாங்காது. சூடு தாங்காது. நெடிய ஆளுக்குப் பத்தாது. நாலு நாளுல ஒழுகும். இந்த மனுசன் ஒம்பது வாங்கி வச்சிருக்காரு." சொல்லிக்கொண்டே கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

அந்த அம்மா நின்று, சேலையைச் சரிசெய்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்கள். இவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. பிறகு அடுக்களைப் பக்கமிருந்து ஒரு மர நாற்காலியைத் தாங்களே இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்கள்: "இனி பொண்ணப் பத்தி நீங்க சொல்லுங்க. உங்களுக்க வீட்டுக்காரரு சொல்லண்டாம்."

சொன்னேன்: நன்றாகச் சமைப்பாள், காலையில் எழுந்திருக்க மாட்டாள், வாய் என்னுடையது.

ஆகக்கூடி, தங்கப்பன் அண்ணாச்சியின் சன்னலடித் தொட்டியைக் கழித்தால், அந்த வருஷம் எங்கள் முன்னறையிலிருந்து போய், ஒரு புகாரும் இல்லாமல் போன இடத்திலேயே தங்கியது என் மகள் ஒருத்திதான்.