இரட்டையரில் இளையவர்

மைசூரில் என் கணவருக்கு டயாலிசிஸ் நடந்த மருத்துவமனையில்தான் அவரைச் சந்தித்தேன். கௌதள்ளி என்ற ஊர்க்காரர், மெலிந்து உயர்ந்த உருவம். அச்சு அசலாக அவரைப் போலவே இருந்த இரட்டை அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்க வந்திருந்தார். நிலத் தகராறில் இருவரும் பேச்சை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

அண்ணனின் அறைக் கதவிலிருந்த கண்ணாடி வழியாக அடிக்கடி எட்டிப் பார்ப்பார். உள்ளே மட்டும் போகமாட்டார்.

"ரெண்டு பேருக்கும் மரபணு ஒண்ணேதானாமுங்க. என் கிட்னிய அண்ணன் ஒடம்பு தன்னோடதுன்னே எடுத்துக்குமாம்" என்றார்.

"அப்புறம் உங்களுக்கு மட்டும் ஏன் இந்த நோய் வரல?" என்று கேட்டேன்.

"நானும் டாக்டருகிட்ட அதையேதானுங்க கேட்டேன். மரபணு ஒண்ணா இருந்தாலும் வாழற வாழ்க்கை வேற வேறன்னு சொன்னாரு. அண்ணனுக்கு ரொம்ப நாளா பிரஷராமுங்க. மாத்திரையே போடல. நான் பக்கத்துல இருந்திருந்தா திட்டியாவது போட வெச்சிருப்பேன்."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்து என்னிடம் விடைபெற்றார்.

"அண்ணன் பேசினாரா?" என்றேன்.

"இல்லீங்க. 'வலிக்குதா'ன்னு கேட்டாரு, அவ்வளவுதான்."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. அந்த ஒரு வார்த்தையை அவர் ஏன் பேச்சில் சேர்க்கவில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை.