கொட்டாவி மாமா சொன்ன பொய்

என் மகள் என்னிடம்கூடச் சொல்லாத ஒரு ரகசியத்தை ஒரு பொம்மையை நம்பிச் சொன்னாள். அதை நான் ஊர் சிரிக்க விட்டேன். பிறகு அவளிடம் பொய்யும் சொன்னேன்.

ஆமாம் பிள்ளைகளே... கொட்டாவி மாமா நான்தான்.

மாமா ஏன் இப்போதெல்லாம் வருவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மாமாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று பதில் போட்டேன். அதுவும் பொய்! பழைய குரங்குக் குல்லாவில் இரண்டு பொத்தான்களைக் கண்ணாக வைத்துத் தைத்து, கையில் மாட்டி ஆட்டுகிற பொம்மைக்கு எங்கிருந்து சளி பிடிக்கும்?

நான் பத்தாவது வரை படித்தவன். தருமபுரி பக்கம் அதியமான்கோட்டையில் குடியிருந்துகொண்டு கல்யாண வீடியோ எடுப்பவன். என் மனைவிக்கு ஓசூரில் கம்பெனி வேலை. விடுமுறை கிடைத்தால்தான் வீட்டுக்கு வருவாள். அம்மா பக்கத்தில் இல்லாமல் தூங்கமாட்டேன் என்று அடம்பிடித்த மகளுக்காகத்தான் அந்தப் பொம்மையைத் தைத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டலாமே என்று யூடியூபில் தொடங்கினேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை... இல்லை என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் பார்த்த இரவு, இரவே இல்லை. பட்டப்பகலில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டி மறைத்துத்தான் எடுப்போம். கட்டிலில் விருந்தாளியை உட்காரவைத்து, தூக்கம் வராவிட்டால் என்ன செய்வீர்கள், இருட்டென்றால் பயமா என்று மாமா கேட்பார். கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு 'தலையணை ரகசியம்' சொல்லியாக வேண்டும். பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர், பல்லிக்குப் பயந்து விளக்கை அணைக்காமல் தூங்குவதாகச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போதெல்லாம் கட்டிலுக்குப் பின்னால் நான் குனிந்திருப்பேன். என் பக்கத்தில் என் மகள் குந்தியிருப்பாள். செல்போனில் சில்வண்டுச் சத்தம் போடுவது அவள் வேலை.

அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்ப்பா" என்றாள். அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்... அப்படியானால் நான் இன்னும் திருந்தவில்லையா?

படுக்கப்போகும்போது அவள் மாமாவிடம் தினமும் கொஞ்ச நேரம் பேசுவாள். அப்படி ஒரு நாள், பொம்மையின் காதருகே வாயை வைத்து, "மாமா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. நான் இன்னும் பாயிலயே ஒண்ணுக்குப் போயிடறேன்" என்றாள்.

எனக்குத் தெரியாதா! ஒன்பது வயதுப் பெண்ணின் பாயைத் தினமும் காலையில் மாடியில் காயப்போடுகிறவனே நான்தானே. ஆனால் தெரியாததுபோல் நான் காயப்போடுவேன். தெரியாததுபோல் அவளும் பள்ளிக்கூடம் கிளம்புவாள். அப்படித்தான் எங்கள் வீடு நடந்தது. உங்களில் யாருக்காவது அப்படி இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: அது தப்பு இல்லை, வெட்கமும் இல்லை, வளர வளரச் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார்.

"நமக்குள்ளேயே இருக்கட்டும் பாப்பா" என்றார் மாமா. அதாவது, நான்.

பிறகு அந்தச் சிரிப்பு நடிகர் வந்தார். டிவியில் வருகிறவர்; பெங்களூருக்குப் போகும் வழியில், தெரிந்தவர் ஒருவர் சொன்னதற்காக ஒரு மணி நேரம் ஒதுக்கினார். அன்றைக்கு நேரலை. தெருவே எங்கள் வாசலில் நின்றது! ஆனால் அவருக்கு மனம் அதில் இல்லை. எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார்.

"தலையணை ரகசியமா? படுத்தா குறட்டைதான் மாமா. வேற என்ன?" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். என் கை பொம்மையின் வாயைத் திறந்தது. நான் சொல்லவில்லை, என் வாய்தான் சொன்னது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாதீர்கள்!

"எங்க வூட்டுல ஒரு பாப்பா இருக்குங்க சார். ஒன்பது வயசு. தெனமும் காலையில அதோட பாய் மட்டும் தனியா மாடியில காயும்!"

நடிகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடேங்கப்பா! அப்ப ஒகேனக்கல்லு உங்க வீட்டுக்குள்ளதான் விழுதுன்னு சொல்லுங்க!"

வாசல் முழுக்க ஒரே சிரிப்பு. சில்வண்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை... பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

பெயரைச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் வேறு எந்தப் பாப்பா இருக்கிறது?

அன்று சாயங்காலம் அவள் பொம்மையை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள். "உள்ள கைய வுடுங்கப்பா" என்றாள். விட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் பொம்மையிடம் கேட்டாள்: "மாமா, அந்த வீடியோவ யூடியூப்லேர்ந்து எடுத்துடறீங்களா?"

"எடுத்துட்டேன் பாப்பா. இனிமே ஒருத்தர் கண்ணுலயும் படாது."

எடுக்கவில்லை. என் சட்டைப் பையில் செல்போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் நிகழ்ச்சியை அதுவரை அத்தனை பேர் பார்த்ததில்லை. நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன்.

அவளோ நம்பிவிட்டாள். பள்ளிக்கூட வாசல் கடையில், "ஏய் ஒகேனக்கல்லு, இன்னைக்கு எத்தனை கன அடி?" என்று பையன்கள் கேட்டபோது, அதெல்லாம் மாமா எடுத்துவிட்டார் என்று தைரியமாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு பெரிய பையன் தன் செல்போனில் போட்டுக் காட்டினான். அவளும் நின்று பார்த்திருக்கிறாள், முழுவதும். கூடப் போன பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. "மாமா பொய் சொல்ல மாட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்ப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அன்றே எடுத்துவிட்டேன். என்ன பிரயோசனம்? அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்து யார் யாரோ வைத்திருக்கிறார்கள். அதை இனி என்னால் பிடிக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. அதற்குப் பிறகும் நான் நிகழ்ச்சி நடத்தினேன். சில்வண்டுச் சத்தத்தையும் நானே போட்டுக்கொண்டேன். பொய் சொல்லக்கூடாது என்று உங்களுக்குப் புத்தி சொன்னேன்! நீங்கள் மாமாவுக்குக் குரல் செய்தி அனுப்பினீர்கள்: விரல் சூப்புவதை, அப்பா குடித்துவிட்டு வருவதை... எல்லாம் 'யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா' என்று முடியும். ஒரு நாள் அவற்றைக் கேட்க முடியாமல் மொத்தமாக அழித்தேன். உங்களில் யாருக்காவது நிஜமாகவே உதவி வேண்டியிருந்ததோ என்னவோ! அதையும் சேர்த்துத்தான் அழித்தேன்.

மனைவி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். "ஊரே கைதட்டுச்சில்ல? வெச்சு அழகு பாருங்க" என்று சொல்லிவிட்டு, மகளை மொரப்பூரில் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பள்ளிக்கூடமும் மாற்றியாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அவள் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்பல்லாம் பாய் நனையறதே இல்லீங்க தம்பி" என்றார். எனக்கு எத்தனை சந்தோஷம்! சாமிக்குக்கூட நன்றி சொன்னேன்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட அவள் என்னோடு நடந்து வந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவள் உதடு வெடித்து ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி நீட்டினேன்.

"வேணாங்கப்பா. மத்தியானத்துக்கு மேல நான் தண்ணி குடிக்கறதில்ல."

"ஏன் சாமி?"

பஸ் வருகிற பக்கமே பார்த்தாள். பாய் ஏன் நனைவதில்லை என்று எனக்குத்தான் புரிய இவ்வளவு நேரம் ஆனது.

"ஒண்ணும் ஆவாது, குடி. அப்பா சொல்றேனில்ல?"

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. இந்த ஆள் சொல்வது நிஜமா என்று யோசிப்பது மட்டும் தெரிந்தது. மூடியைத் திறந்து, விரலில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு உதட்டில் தடவிக்கொண்டாள். மூடியை இறுக்கித் திருகி என்னிடமே கொடுத்தாள்.

"பஸ் வந்துடுச்சுப்பா. ஏறுங்க."

ஏறினேன். தருமபுரி வரும்வரை அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தொண்டை வறண்டு கிடந்தது. குடிக்க முடியவில்லை.