துவானின் தங்கச்சரிகை

வியட்நாமின் மலையூரான தலாத்தில், எங்கள் சந்தில் முடிவெட்டும் துவானிடம் இரண்டு கத்திகள் உண்டு. ஒன்று தாடிக்கு, ஒன்று ரோஜாவுக்கு. காட்டு ரோஜாத் தண்டில் நல்ல ரோஜாவின் மொட்டைப் பதித்து ஒட்டுக்கட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கடை திறந்த வருடம் வாசலில் ஒரு கருஞ்சிவப்பு ரோஜாக் குச்சியை நட்டான். அது வேர்விட்டுப் புதரானது. அதன் மொட்டுகளை ஒட்டித்தான் சந்தில் பன்னிரண்டு வீடுகளுக்குச் செடி கொடுத்தான்.

மூன்றாம் வருடக் குளிரில் அந்தப் பன்னிரண்டின் இலைகளிலும் மஞ்சள் நெளிகோடுகள் வந்தன. துவான் அதற்குத் "தங்கச்சரிகை" என்று பெயர் வைத்து, நாற்காலியில் உட்காருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தான். வெயில் காலம் வந்ததும் கோடு மறைந்தது. அடுத்த குளிரில் திரும்பி வந்தபோது பூக்கள் சிறுத்திருந்தன. நாற்றுப்பண்ணைக்காரர் பார்த்துவிட்டு, "வைரஸ். மருந்து கிடையாது. தாய்ச்செடியைப் பிடுங்கி எரிச்சிடு" என்றார்.

அவன் மனைவி துயெத் என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, மண்வெட்டியோட நிக்கிறாரு. சீக்கிரம் வாங்க."

முப்பது வருடம் வார்டில் நோயாளிகளைக் கவனித்தவள் நான். தாய்ச்செடியை இலை இலையாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை.

"இதுக்கு ஒண்ணுமில்லயே, தம்பி."

"பன்னெண்டு பிள்ளைக்கும் இருக்கே அக்கா!"

"பிள்ளைங்களுக்குக் கீழ்த்தண்டு எங்க வெட்டுன?"

துவான் கொல்லைக்கு நடந்தான். தண்ணீர்த்தொட்டி ஓரத்துக் காட்டு ரோஜா முழுக்க மஞ்சள் கோடு. எல்லாத் தண்டும் அதிலிருந்து வெட்டியவைதான்.

"ஊர்த்தலையில பேன் பாக்குறவருக்கு வீட்டுக் கொல்லை தெரியல" என்றாள் துயெத்.

அந்த மண்வெட்டிக்கு அங்கேயே வேலை கிடைத்தது.

"இது காத்துல பரவாது, ஒட்டுல பரவும். அடுத்த குளிர்லயும் தாய் சுத்தமா இருந்தா மொட்டு எடு. அதுவரைக்கும் கத்தியைக் கிட்டக் கொண்டு போகாதே" என்றேன்.

அடுத்த குளிரிலும் தாய்ச்செடியின் இலைகள் பச்சையாகவே இருந்தன. விதையில் வளர்த்த காட்டு ரோஜாவில் புதிதாகப் பன்னிரண்டு ஒட்டினான். தப்பு தன்னுடையது என்று வீடு வீடாகச் சொல்லி மாற்றிக் கொடுத்தான். எல்லா வீட்டிலும் அவனைத் திட்டினார்கள். எல்லா வீட்டிலும் சாப்பிடச் சொன்னார்கள். பன்னிரண்டாவது வீட்டு ஹான் டீச்சர் மட்டும் பழசைத் தர மறுத்தார்.

"நீதானே சரிகைன்னு சொன்னே? இப்ப நோயின்னா விடுவேனா?"

"பன்னெண்டாவது வீட்ல என்ன பண்றது அக்கா?" என்று என்னிடம் வந்தான்.

"இருந்துட்டுப் போகட்டும். அதுல மட்டும் மொட்டு எடுக்காதே."

மிஞ்சிய புதுச்செடியை என் வாசலில் வைத்துவிட்டான். இன்று காலை முதல் மொட்டு விரிந்தது. முகத்தில் நுரையோடு நாற்காலியில் ஒருவர் காத்திருக்க, துவான் கத்தியும் கையுமாக ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனான்.