ஐந்து நொடிக்குள் பதில்

“சித்தி, நாளைக்கு ஸ்டேஷனுக்கு வருவீங்களா?” என்று போனில் கேட்டேன்.

“பெரும்பாலும் வந்துடுவேன்.”

“வருவீங்களா, மாட்டீங்களா? ஒண்ணு சொல்லுங்க.”

“மீட்டிங் நேரத்துக்கு முடியணும், பஸ் கிடைக்கணும், மழை பெய்யக் கூடாது. மூணும் கூடி வரணும்ல?”

பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது: “அவகிட்ட கேக்கறதுக்குப் பதிலா ஒரு காசைச் சுண்டிப் பாரும்மா. அதுவாவது பூவா தலையான்னு சொல்லும்.”

“நான் டாக்ஸியிலயே வந்துக்கறேன்” என்றேன் எரிச்சலோடு.

“அப்பாடா. நான் வரலைன்னா என்ன செய்யணும்னு இப்பவே தெரிஞ்சுபோச்சில்ல?”

சித்தியிடம் ஒரு ‘சரி’ வாங்குவதற்குள் நம் பிராணன் போய்விடும். ஆம்புலன்ஸ்களுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. ஓட்டுநர் திரையைத் தொட்டால், எந்த மருத்துவமனைக்குப் போவது என்று பதில் வரும். அதற்குள் அந்த மென்பொருள் மூன்று நிறுவனங்களின் சேவைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வேண்டும்: வண்டி எங்கே, சாலை எப்படி, படுக்கை எங்கே காலி. மூன்றையும் கோப்பவர் சித்தி.

நான் போய்ச் சேர்ந்த அன்று வீடே கொதித்துக்கொண்டிருந்தது. மேலாளர் ஒப்பந்தத்தில் ‘எப்போதும் ஐந்து நொடிக்குள் பதில்’ என்று எழுதி, சித்தியின் கையெழுத்தைக் கேட்டிருந்தார்.

சித்தி பையைச் சோபாவில் எறிந்தார். “ஒவ்வொண்ணும் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு தடவை நேரத்துக்கு வருதாம். அதனால மொத்தமும் அப்படியேதானாம்! மூணையும் கோத்தா தொண்ணூத்தி நாலுதான் தேறும்னு படம் போட்டுக் காட்டிட்டேன். ‘பாசிட்டிவா யோசிங்க மேடம்’ங்கறான்.”

“கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்” என்றார் சித்தப்பா.

“மிச்ச ஆறு வண்டியில ஒண்ணுல உங்கம்மா படுத்திருந்தா?”

சித்தப்பா சோபாவிலிருந்த பையை எடுத்து ஆணியில் மாட்டினார்.

வாரம் முழுக்க மல்லுக்கட்டியதில் மேலாளர் பாதி இறங்கிவந்தார். ‘நூற்றில் தொண்ணூற்று நான்கு முறை’ என்ற வரி பின்னிணைப்பில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இடம்பிடித்தது. சித்தி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அதற்கும் பாத்திரங்களை உருட்டினார். வண்டி ஓட்டுபவர் பின்னிணைப்பைப் புரட்டிக்கொண்டா இருப்பார்?

நான் ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், பெட்டிமேல் ஒரு வெள்ளை அட்டையைக் கொண்டுவந்து வைத்தார்.

“நீதான் தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் படிச்சவளாச்சே. திரைக்குப் பக்கத்துல ஒட்டற மாதிரி ரெண்டுலயும் எழுதிக் குடு. ‘அஞ்சு நொடியில பதில் வரலைன்னா காத்திருக்காதீங்க, கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போடுங்க’ன்னு. ‘பெரும்பாலும்’ங்கற வார்த்தை மட்டும் எங்கயும் வரக் கூடாது.”